ஜன்னல் வழியே கொடுத்த படங்கள்

அன்புள்ள அம்மாவுக்கு வினோதினியின் வணக்கம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். போனில் சொன்னால் பாதியிலேயே பயந்துவிடுவீர்கள் என்றுதான் எழுதுகிறேன்.

முதியவர்கள் அன்றாடச் சிக்கல்களை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று கேட்டு மதிப்பெண் போடுவதுதான் திருமானூரில் என் வேலை. செவ்வாயன்று எழுபத்திரண்டு வயது வெள்ளைச்சாமி ஐயாவின் வீட்டுக்குப் போனேன். நான் கொண்டுபோன படங்களைக் காட்டிக் கேட்டதில் பாதிக்குத் "தெரியலைங்க" என்றார். அப்போது அவருடைய மூன்று வயதுப் பேத்தி விளையாட்டாக நாங்கள் இருந்த அறையின் கதவை வெளியிலிருந்து தாழ்போட்டுவிட்டாள். வீட்டில் வேறு யாருமில்லை. வாசலுக்கு எதிரே வாய்க்கால் நிறையத் தண்ணீர். நான் பதறிக் கதவைத் தட்டினேன்.

"தட்டாதீங்கம்மா, புள்ள பயந்து வெளிய ஓடிரும்" என்றவர், அந்தப் படங்களை எடுத்துக்கொண்டு கூடத்தைப் பார்த்த ஜன்னலுக்குப் போனார்.

"கண்ணு, இங்க வா. தாத்தா பஸ் படம் தரேன்."

ஒவ்வொரு படமாகக் கம்பி வழியே கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை சொன்னார். நடுவில் பக்கத்து வீட்டுப் பரிமளாவின் நம்பரை மனப்பாடமாகச் சொல்லி என்னைக் கூப்பிடச் சொன்னார். பரிமளா வந்து திறக்கும்வரை குழந்தை அங்கேயே நின்றது.

நான் கிளம்பப் பையை எடுத்தேன். அவரோ உட்கார்ந்து, "மிச்சத்தையும் கேளுங்க" என்றார். விதிப்படி தாளில் உள்ள கேள்விகளுக்குத்தான் மதிப்பெண். அவருக்குக் குறைவாகவே வந்தது. மனம் கேட்காமல், நடந்ததை இரண்டு பக்கம் எழுதி இணைத்தேன். அதைப் படித்த எங்கள் மேடம், "கேள்விங்களத்தான் மாத்தணும்" என்றார்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் என் பழைய போர்வையைக் கொடுத்தனுப்புங்கள். இங்கே புதிது கிடைக்கும், ஆனாலும் அதுதான் வேண்டும். நான் ஏற வேண்டிய அரியலூர் பஸ் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை போனைச் சீக்கிரம் வைத்துவிடாதீர்கள், அம்மா.

உங்கள் மகள்,
வினோதினி