கொதிக்கும் கஞ்சியில் கொட்டிய பொடி

ஐப்பசி, செவ்வாய்.

பருத்திப்பட்டுக் காடைகளின் சக்கரவர்த்தியாகிய நான் இன்று ஒழிந்தேன். அக்கா மகள் செல்வி பிரசவத்துக்குப் போகும்போது தன் முந்நூறு காடைகளை என்னிடம் விட்டுப்போனாள். அவளுக்கு வேறு பிழைப்பு இல்லை. தீனியில் சோளத்தைக் குறைத்துத் தவிட்டைக் கூட்டச் சொன்னாள். தவிடு செரிக்க என்சைம் பொடியும் கொடுத்தாள். என் கைப்பக்குவத்துக்குத் தேவேந்திரனே தட்டேந்தி நிற்பான் அல்லவா? மாட்டுக்குக் கலப்பதுபோல, கொதிக்கும் வடிகஞ்சியை ஊற்றித் தவிட்டையும் பொடியையும் பிசைந்து பத்து நாள் படைத்தேன். எச்சம் பிசினாய் ஒட்டியது. முட்டை நின்றது. இன்று காலை நாற்பது காடைகள் செத்துக் கிடந்தன.

தீவனக் கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். “இன்னா அண்ணாத்தே! சூட்டுல போட்டா பொடி வேலை செய்யுமா? ஈரத் தவிடு வேற புளிச்சிருக்கும். அத்தப் போயி துன்ன வச்சிகினு கீறியே!”

மாலையில் செல்வி போன் செய்தாள்.

“மாமா, என் காடைங்க எப்டி கீதுங்க?”

“யானைக்குட்டி கணக்கா கீதும்மா. கூண்டே பத்தல.”

“சிரிக்க வைக்காத மாமா, தையல் வலிக்குது.”

வெள்ளிக்கிழமை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேரே இங்கேதான் வருகிறாளாம். மிச்சமிருப்பவையும் கண்ணை மூடியே உட்கார்ந்திருக்கின்றன. வாசலில் அவளை நிறுத்தி, நான் எந்த வாயால் இதைச் சொல்வேன்?