தலையணை நீக்கப்பட்டார்

மதிப்புக்குரிய கரண்டி அக்காவுக்கு,

வணக்கம். உங்க சொல் குழுவுல தலையணைன்னு பேர் வெச்சிருந்தவளோட வீட்டுக்காரன் நான். போன வருஷம் நீங்க அவளுக்குப் பழைய அகராதி ஒண்ணு அனுப்பினீங்க இல்லையா, அந்த பார்சல் அட்டை மேல உங்க முகவரி இருந்துச்சு. அட்டையை அவ தூக்கிப் போடாம வெச்சிருந்தா. உங்க நிஜப் பேரும் அதுல இருக்கு. ஆனா வீட்ல அவ கரண்டிக்கா, கரண்டிக்கான்னுதான் பேசுவா. எனக்கும் அதுதான் வருது, தப்பா எடுத்துக்காதீங்க.

ரெண்டு விஷயம் சொல்லணும். முதல் விஷயம், அவ இறந்துட்டா. இன்னையோட இருபத்தேழு நாள்.

ரெண்டாவது விஷயத்துக்காகத்தான் எழுதறேன். ரெண்டு வாரத்துக்கு முன்னாடி தலையணை பேர்ல உங்களுக்கு ஒரு பதில் வந்துச்சு. உங்களுக்கு வேற வேலையே இல்லையா, எப்பப் பாரு நன்றி நன்றின்னு கை நீட்டிட்டு நிக்கறீங்கன்னு. அதை அவ எழுதல. நான் எழுதினேன். அவ போயி அப்பவே பதினாலு நாள் ஆயிருந்துச்சு. அந்த வரிக்காக அவளைக் குழுவை விட்டு எடுத்துட்டீங்க. எடுத்தா எடுத்துட்டுப் போங்க. ஆனா அவ உங்களை அப்படிப் பேசிட்டான்னு நீங்க நினைச்சுக்கிட்டு இருக்கக் கூடாது. அது ஒண்ணுதான் எனக்கு வேணும்.

எப்படி நடந்துச்சுன்னு சொல்லிடறேன். எங்க வேலையில ஒரு லிஃப்ட் போர்டு பழுதானா, எப்போ என்ன ஆச்சுன்னு வரிசையா எழுதித் தரணும். அப்படி எழுதத்தான் எனக்குத் தெரியும்.

உங்க குழுவைப் பத்தி எனக்கு முன்னாடி ஒண்ணும் தெரியாது. நாலு வருஷம் அவ பக்கத்துல உக்காந்து போன்ல தட்டிக்கிட்டு இருப்பா, நான் டிவி பாத்துட்டு இருப்பேன். இப்பதான் விதிகளைப் படிச்சேன். சேரும்போது கண்ணு முன்னாடி முதல்ல என்ன பொருள் தெரியுதோ அதுதான் பேரு. தினம் ஒரு சொல் போடணும், அதை எங்க கேட்டோம்னு நாலு வரி எழுதணும். பதில் போட்டவங்க ஒவ்வொருத்தருக்கும் அன்னைக்கே நன்றி சொல்லணும். சொந்தக் கதை கூடாது. பொறந்தநாள், கல்யாணம், நோய், சாவு எதுவும் எழுதக் கூடாது. எப்படி இருக்கீங்கன்னு யாரையும் கேக்கக் கூடாது. நான் புரிஞ்சுக்கிட்டது சரிதானே?

அவ பேரை வெச்சு நீங்க எல்லாரும் நல்லா ஓட்டியிருக்கீங்க. தூங்குமூஞ்சி, சோம்பேறின்னு. உங்க தலைவர் நாற்காலி கூட, விடிஞ்சிடுச்சு எந்திரிங்க தலையணைன்னு எழுதியிருக்கார். அவளும் சிரிச்சு பதில் போட்டிருக்கா. எங்கிட்ட மட்டும், நாற்காலின்னு பேர் வெச்சுக்கிட்டவர் பதவியை விட்டு எந்திரிச்சிடுவாரான்னு கேப்பா. அவ சேர்ந்தது முதல் ஆபரேஷன் முடிஞ்ச அஞ்சாம் நாள். இடது பக்கமா மட்டும்தான் படுக்கலாம். நான் வேலைக்குப் போயிட்டேன். கண்ணு முன்னாடி இருந்தது என்னோட தலையணை.

ஏன் அவங்ககிட்ட சொல்ல மாட்டேங்கறேன்னு ஒரு தடவை கேட்டேன். வீட்ல அம்மா, ஆபீஸ்ல கூட வேலை பாக்கறவங்க, கீழ் வீட்டுக்காரர், எல்லாரும் இப்போ எப்படி இருக்குன்னுதான் வாயைத் திறக்கறாங்க, அந்த ஒரு இடத்துலதான் நான் நோயாளி இல்லன்னா.

கடைசித் தடவை ஆஸ்பத்திரியில சேர்றதுக்கு முன்னாடி ஐம்பது சொல் எழுதி வெச்சா. தினம் காலையில ஆறரைக்கு ஒண்ணு தானாப் போற மாதிரி ஏதாவது பண்ணிக் கொடுன்னா. எனக்கு அது பத்து நிமிஷ வேலை. நான் லிஃப்டுக்கு கண்ட்ரோல் போர்டு டெஸ்ட் பண்றவன். எந்த போர்டா இருந்தாலும், நிறுத்தறதுக்கு வழி இருக்கான்னுதான் முதல்ல பாப்போம். இதுக்கு நான் அந்த வழியே வெக்கல. எதுக்கு ஐம்பதுன்னும் கேக்கல.

ஒன்பதாவது சொல் போன அன்னைக்கு மத்தியானம் அவ போயிட்டா.

மறுநாள் காலையில ஆறரைக்கு அவ போன்ல டிங்குன்னு சத்தம். பத்தாவது சொல் போயிடுச்சு. அத்தை, அதாவது அவ அம்மா, என்கூடத்தான் இருக்காங்க. அந்தச் சனியனை ஆஃப் பண்ணித் தொலைங்க மாப்ளன்னாங்க. நான் சார்ஜ் போட்டு வெச்சேன். அதுக்கப்புறம் தினம் ஆறரைக்கு முன்னாடியே முழிச்சு அந்தச் சத்தத்துக்காகப் படுத்திருப்பேன். புரோகிராமைத் திறந்து அழிச்சிருக்கலாம். உங்ககிட்ட ஒரு வரியில விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். ரெண்டையும் செய்யல. ஓடட்டும்னு விட்டேன். அதுவும் என் தப்புதான்.

அப்பதான் அவ எழுதினதையும் நீங்க எல்லாரும் போட்ட பதிலையும் பின்னாடிலேர்ந்து படிக்க ஆரம்பிச்சேன். அக்கா, கோவப்படாம கேளுங்க. கடைசி நாலு மாசம் அவ என்னென்ன சொல் எடுத்திருக்கான்னு பாருங்க. அசதி. கால் உளைச்சல். குமட்டல். நா வறட்சி. ஒருக்களிச்சுப் படுக்கறது. முனகல். நூத்தி நாப்பது பேரு இருக்கீங்க, சொல்லைத் தராசுல வெச்சு நிறுத்துப் பாக்கறவங்க. ஒருத்தருக்குமா எதுவும் தோணல? ஒருக்களிச்சுக்கு நீங்க போட்ட பதில், என்ன ஒரு நுணுக்கமான பார்வைன்னு. அவ நன்றி அக்கான்னு போட்டிருக்கா. அன்னைக்கு அவளால வேற மாதிரி படுக்க முடியாது.

இருபத்து மூணாவது சொல் போன அன்னைக்கு அவ ஆபீஸ்ல கூப்பிட்டு அவ மேஜையில இருந்ததை ஒரு அட்டைப் பெட்டியில போட்டுக் கொடுத்தாங்க. மருந்து டப்பாக்குள்ள ஒரு தாளை மடிச்சு வெப்பாங்களே, அதுல பிழை பாக்கறதுதான் அவ வேலை. ஒரு ஸ்வெட்டர், ஒரு பூதக்கண்ணாடி, தண்ணி பாட்டில். பாட்டில்ல பாதித் தண்ணி இருந்துச்சு. பஸ்ல பெட்டியை மடியில வெச்சுக்கிட்டு வரேன், அவ போன்ல உங்க வரி வருது. ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சு, ஒரு நன்றி கூடக் காணோம், தலையணைக்கு எங்களோட பேச நேரமில்லையா, இல்ல எங்களை மறந்தே போயாச்சான்னு. பக்கத்துல சிரிக்கிற பொம்மை ஒண்ணு. நீங்க விளையாட்டாத்தான் கேட்டீங்க, இப்போ புரியுது. அன்னைக்குப் புரியல. இறங்கற இடம் வர்றதுக்குள்ள அந்தப் பதிலைத் தட்டி அனுப்பிட்டேன்.

ஆறு நாள் கழிச்சு ஓட்டுப் போட்டீங்க. நீக்கலாம் பதினெட்டு, வேண்டாம் நாலு. உங்க பேரு பதினெட்டுல இருந்துச்சு. தலையணை நீக்கப்பட்டார், காரணம் மரியாதைக் குறைவுன்னு எல்லாரும் பாக்கற மாதிரி போட்டிருக்காங்க. எங்க பில்டிங் லிஃப்ட்ல கதவு திறக்குதுன்னு சொல்ற குரலுக்கே தாங்க்ஸ் சொல்றவ அவ. அது ரெக்கார்ட் பண்ணின குரல்டின்னு நான் தலையில அடிச்சுக்குவேன். கடைசி வாரம் நரம்பு கிடைக்காம நாலு இடத்துல குத்தின நர்ஸுக்கும் தாங்க்ஸ் சொன்னா. அவளுக்கு மரியாதைக் குறைவாம்.

அந்தக் காரணத்தை மட்டும் எடுக்கச் சொல்லுங்க. என் தலையில போடுங்க, நான் வாங்கிக்கறேன். ஆனா அவ போயிட்டான்னு குழுவுல போடாதீங்க. போட்டா நூத்தி நாப்பது பேரும் இரங்கலுக்கு அழகழகாச் சொல் தேட ஆரம்பிப்பாங்க. அதைப் படிக்கிற தெம்பு எனக்கு இல்ல.

அவ பேசாத பேச்சை அவ பேர்ல எழுதினதுக்கு உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கறேன்.

இப்படிக்கு,
தலையணை வீட்டுக்காரன்


அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உங்க கடிதம் வந்து ஒரு வாரம் ஆச்சு. உடனே பதில் எழுதாததுக்குக் காரணம், எழுதியிருந்தா மறுபடியும் பஸ்ல எழுதின மாதிரிதான் எழுதியிருப்பேன்.

நாற்காலிகிட்ட மட்டும் விஷயத்தைச் சொன்னதுக்கு நன்றி. அவர் சொன்னதை அப்படியே எழுதியிருக்கீங்க. ரொம்ப வருத்தமாம். ஆனா விளக்கம் கொடுக்கறதா இருந்தா சம்பந்தப்பட்ட உறுப்பினரே, அவங்க கணக்குலேர்ந்து, பதினஞ்சு நாளுக்குள்ள கொடுக்கணுமாம். வீட்டுக்காரர் கொடுத்தா செல்லாதாம். ஒருத்தருக்காக விதியைத் தளர்த்தினா நாளைக்கு எல்லாரும் வந்து கேப்பாங்களாம். எப்படிக்கா கேப்பாங்க? எல்லாரும் செத்துட்டு வந்து கேப்பாங்களா? இதை அத்தைகிட்ட படிச்சுக் காமிச்சேன். அவங்க, பேருக்கு ஏத்த ஆளுதான், மரம்னு சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க. அவ போனதுக்கு அப்புறம் நான் சிரிச்சது அப்பதான். சிரிச்சு முடிச்சதும் என்னமோ மாதிரி ஆயிடுச்சு.

சரி, அது அப்படியே இருக்கட்டும். மரியாதைக் குறைவுன்னே இருந்துட்டுப் போகட்டும். அதுக்காக இனிமே அவர்கிட்ட போய் நிக்காதீங்க.

நீங்க எழுதினதுல எனக்கு ஆறாதது வேற. அந்த வரியைப் படிச்ச உடனே இது தலையணை எழுத்து இல்லன்னு தெரிஞ்சிடுச்சுன்னு எழுதியிருக்கீங்க. நாலு வருஷப் பழக்கம், அவங்க அப்படிப் பேசவே மாட்டாங்க, ஏதோ நடந்திருக்குன்னு தோணுச்சு, ஆனா கேட்டா சொந்த விஷயத்துல தலையிட்ட மாதிரி ஆயிடும், அதனால கேக்கல, முறைப்படி ஓட்டுப் போட்டுட்டேன்னு.

அதாவது நான் பயந்தது எதுவும் நடக்கவே இல்ல. நீங்க அவளைத் தப்பா நினைக்கல. எழுதினது அவ இல்லன்னு தெரிஞ்சேதான் நீக்கியிருக்கீங்க. இதுக்கு நீங்க கோவிச்சுக்கிட்டு நீக்கியிருந்தாலே தேவலைன்னு தோணுச்சு. மூணு நாள் உங்களைத் திட்டிக்கிட்டே வேலை பாத்தேன். ஒரு போர்டை நான் பாஸ் பண்ணி விட்டு, கூட இருக்கறவர் பாத்து நிறுத்தினார். எடை தாண்டியும் அதுல மணி அடிக்கல.

நாலாவது நாள் யோசிச்சுப் பாத்தேன். நான் மட்டும் என்ன கிழிச்சேன். ஐம்பது சொல் எழுதிட்டு என் முன்னாடி வந்து நின்னா. எதுக்கு ஐம்பது, உனக்கு பயமா இருக்கான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டா அழுவாளோன்னு, நான் அழுதுடுவேனோன்னு, புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். நீங்க விதின்னு சும்மா இருந்தீங்க. எனக்கு விதி கூட இல்ல. நாகரிகமா நடந்துக்கறோம்னு நினைச்சு ரெண்டு பேருமா சேர்ந்து அவளைத் தனியா விட்டுட்டோம்.

மீதி இருபத்தோரு சொல்லையும் பிரிண்ட் எடுத்து இதோட வெச்சிருக்கேன். குழுவுல போடறதும் போடாததும் உங்க இஷ்டம். என்கிட்ட இருந்தா ஒண்ணும் ஆகாது. பதில் வரும்னு நினைச்சு எழுதினது, எனக்குப் பதில் எழுதத் தெரியல. இப்போ காலையில ஆறரைக்குச் சத்தம் வர்றதில்ல. ஆனாலும் முழிப்பு வந்துடுது.

ஒண்ணு கேக்கலாமா? கடைசி ரெண்டு வருஷம் நான் பாத்தது எல்லாம் மாத்திரை டப்பா, ரிப்போர்ட் ஃபைல், எந்தப் பக்கம் வலிக்குது, எத்தனை மணிக்கு ஊசி. மனசுக்குள்ள அவளைக் கூப்பிட்டா அந்தக் கட்டில்ல இருக்கறவதான் வரா. உங்களோட பேசினவ வேற. கேலி பண்ணியிருக்கா, சண்டை போட்டிருக்கா, ஒரு சொல்லுக்காக மூணு நாள் நாற்காலியோட மல்லுக்கட்டியிருக்கா. அவ கணக்கை மூடிட்டதால இனிமே அந்தப் பழையதெல்லாம் எனக்குத் திறக்காது. உங்களுக்கு ஞாபகம் இருக்கறதை எழுதி அனுப்புவீங்களா? வரிசையா வேண்டாம், அழகா வேண்டாம். வாய்க்கு வந்த மாதிரி இருந்தாப் போதும்.

அப்புறம், உங்க கடிதத்துல ரெண்டாம் பக்கம் நடுவுல ஒரு வரியை அடிச்சிருக்கீங்க. தாளை ஜன்னல் பக்கம் பிடிச்சா படிக்க முடியுது. இடது கையால எழுதறேன், எழுத்து கோணலா இருந்தா பொறுத்துக்கோங்கன்னு இருக்கு. அதைப் போய் ஏன் அடிச்சீங்க? வலது கைக்கு என்ன ஆச்சு? எத்தனை நாளா இப்படி இருக்கு, டாக்டர்கிட்ட காமிச்சீங்களா, வீட்ல கூட யாராவது இருக்காங்களா? அத்தையும் கேக்கச் சொன்னாங்க.

அடிக்காம எழுதுங்க அக்கா.

இப்படிக்கு,
உங்க தம்பி