சந்தகைப் பாலில் ஊத்துன மிரின்

மோகனூர்
ஞாயித்துக்கிழமை

அன்பு மகன் அன்பரசுக்கு அம்மா எழுதறது. நீ ஜப்பான்ல சொகமா இருக்கியா சாமி? இங்க நானும் உங்கப்பாவும் நல்லா இருக்கோம், பேச்சுக்குச் சொல்லல, நெசமாவே நல்லா இருக்கோம். போன் போட்டா நீ எடுக்க மாட்டேங்கற, அதான் எழுதி, எதிர்த்த ஊட்டு மதுமதிகிட்டக் குடுத்துப் போட்டோ புடிச்சு அனுப்பச் சொல்லியிருக்கேன். பாதியில நிறுத்தாம கடைசி வரைக்கும் படி கண்ணு.

உங்கப்பா குடிக்கல. மொதல்ல அதச் சொல்லிடறேன். புதன்கிழமை நான் அழுதுக்கிட்டே உனக்குப் போன் பண்ணி, மறுபடி ஆரம்பிச்சுட்டாருடான்னு சொன்னது அத்தனையும் தப்பு. அவரு குடிக்கல, நாந்தான் ஊத்திக் குடுத்திருக்கேன்.

எப்படின்னு கேளு. உங்கூட அங்க வேலை பாக்கற நவீன்குமார் லீவுல வந்தப்ப அவன்கிட்ட ஒரு பாட்டில் குடுத்து உட்டியல்ல, மிரின்னு. அரிசியில செஞ்ச இனிப்புத் தண்ணிம்மா, இங்க எல்லாரும் சமையலுக்கு ஊத்துவாங்க, கோழிக்கறி மினுமினுன்னு வரும்னு சொன்ன. அரிசிச் சாராயம்னு சொல்லியிருந்தா வாசப்படியவே தாண்ட உட்டிருக்க மாட்டேன். உங்கப்பா குடிய விட்டதுலருந்து நம்ம ஊட்ல அந்த வார்த்தையவே யாரும் எடுக்கறதில்ல, அதனாலதான் நீயும் இனிப்புத் தண்ணின்னு சொல்லி வெச்ச. நானும் பாகு மாதிரி என்னமோன்னு நெனச்சுட்டேன். புதன்கிழமை சந்தகை புழிஞ்சேன், தேங்காப்பாலுக்குப் போட வெல்லம் தீந்து போச்சு, கடைக்குப் போகச் சோம்பேறித்தனம், மவன் அனுப்புனது சும்மா கெடக்குதேன்னு அடுப்புலகூட வெக்காம தாராளமா ஊத்தி, ஏலக்காயும் தட்டிப் போட்டேன். எனக்குச் சர்க்கரை, நான் அந்தப் பாலத் தொடல. உங்கப்பா மட்டும், பையன் அனுப்புனதான்னு கேட்டுக் கேட்டு ஊத்திக்கிட்டாரு.

கை கழுவறதுக்குள்ள மூஞ்சியெல்லாம் செவந்து, நெஞ்சு படபடங்குதுன்னு உக்காந்துட்டாரு, வாந்தி வேற. குடிய மறக்க அவரு போடற மாத்திரைக்கு மேல கொஞ்சம் சாராயம் உள்ள போனாலும் இப்படித்தான் பண்ணும்னு டாக்டர் முன்னயே சொல்லியிருந்தாரு, மறுபடி குடிச்சுட்டாருன்னே நெனச்சுட்டேன். ஆஸ்பத்திரியில, நான் குடிக்கல சௌந்திரம்னு கையெடுத்துக் கும்புட்டாரு. நான் நம்பல, டாக்டர் நம்பல. நீயும் நம்பல, பொங்கலுக்கு வர மாட்டேன், இனி அவரு மூஞ்சியில முழிக்க மாட்டேன்னு போன வெச்சுட்ட. ஸ்பீக்கர்ல போட்டிருந்தேன் சாமி, அவரு கேட்டுட்டாரு.

நேத்து மதுமதி வந்தா. அடுப்படியில பாட்டிலப் பாத்து, இதென்ன பெரியம்மான்னு செல்லுல புடிச்சுத் தமிழ்ல மாத்திப் படிச்சா. சாராயம் இருக்குதாம், கொதிக்க வெச்சுத்தான் சேக்கணுமாம். அட ஆண்டவனே, எனக்குப் போன உசுரு திரும்பி வந்த மாதிரி இருந்துச்சு! சிரிக்கறேன், அழுவறேன், அந்தப் புள்ள பயந்தே போயிட்டா. உங்கப்பா களத்துல மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுட்டு இருந்தாரு, ஓடிப்போயிக் கையப் புடிச்சுக்கிட்டு, நீங்க குடிக்கலீங்க, குடிக்கலீங்கன்னு அதையே சொல்றேன்.

டாக்டர்கிட்டயும் போன்ல சொல்லிட்டோம். கொதிக்க வெச்சாலும் இவருக்கு அது ஆகாதாம், பாட்டில மதுமதியே எடுத்துட்டுப் போயிட்டா. நீ அங்க நல்லாக் கொதிக்க வெச்சுச் செஞ்சு சாப்பிடு, வேண்டாங்கல. ஆனா இனிமே எது அனுப்புனாலும் அதும் பேரச் சொல்லி அனுப்பு, அம்மா ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டேன். குளுருக்குக் காதக் கட்டிக்கோ, வெறும் வயித்தோட வேலைக்கு ஓடாத.

உங்கப்பா என்னையத் திட்டுவாருன்னு பாத்தேன், திட்டல. மிச்சத் தட்டையும் மாட்டுக்குப் போட்டு முடிச்சாரு. அப்புறம், இப்ப எங்கிட்டச் சொன்னியே, அத அவங்கிட்டயும் சொல்லிடுன்னாரு. சொல்லிட்டேன் சாமி.

நாவலடியான் உனக்குத் தொணையா இருக்கட்டும், நோய் நொடி இல்லாம நல்லா இருப்ப. இதப் படிச்சதும் போன் போடு. எனக்கு வேண்டாம், உங்கப்பா நம்பருக்குப் போடு.

உன் அம்மா
சௌந்திரம்