ஆர்க்கிட் இலையில் துருக்கறை

உ

திருப்பூர்
12-4-1967

அன்பு மருமகள் சாரதாமணிக்கு அத்தை வள்ளியாத்தாள் எழுதுவது. நானும் கந்தவேலும் சுகம். நீயும் வயிற்றுப் பிள்ளையும் நன்றாக இருக்கவேண்டும் என்று சிவன்மலை முருகனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஒன்பதாம் மாதம் தாய்வீடு போவதுதான் நம் பக்கத்து வழக்கம். நீ தை மாதக் கடைசியில், ஐந்தாம் மாதமே வால்பாறைக்கு ஏறிவிட்டாய். பனியன் வெளுக்கும் பிளீச்சிங் நாற்றம் குமட்டுகிறது என்றாய், நானும் சரி என்றேன். ஆனால் பிள்ளை பெற்று எப்போது திரும்புவாய் என்று உன் வீட்டுக்காரன் கந்தவேல் கேட்டு எழுதினால், அதற்கு மட்டும் உன்னிடமிருந்து பதிலே வருவதில்லையாம். சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருக்கிறான். உப்புக் குறைச்சலா என்று கேட்டால், “அதெல்லாம் ஒண்ணுமில்லீங்கம்மா” என்கிறான்.

இன்னொரு விஷயம். நீ விட்டுப்போன எட்டு ஆர்க்கிட் செடியிலும் இலையில் துருக்கறை விழுந்திருக்கிறது. எஸ்டேட் துரை பங்களா ஆர்க்கிட்டெல்லாம் உன் அப்பா கையில் வளர்ந்தவை என்று பெருமை பேசுவாயே, அவரிடம் கேட்டாவது வைத்தியம் எழுது. மண்ணே இல்லாமல் கரித்துண்டிலும் தேங்காய் மட்டையிலும் உட்கார்ந்துகொண்டு இவ்வளவு ராங்கி பண்ணும் செடியை நான் எங்கும் பார்த்ததில்லை.

உன் அத்தை,
வள்ளியாத்தாள்


வால்பாறை
20-4-1967

அன்புள்ள அத்தைக்குச் சாரதாமணியின் வணக்கம்.

கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறது, மற்றபடி சுகம். துரு என்று படித்ததும் பயந்துவிட்டேன். ஆர்க்கிட்டுக்குத் துரு நோய் வந்தால் எட்டையும் தின்றுவிடும். இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். ஆரஞ்சு நிறத்தில் பொடி இருந்து விரலில் ஒட்டினால் அதுதான். அந்த இலையை, நெருப்பில் காட்டிய பிளேடால் அறுத்து எரித்துவிடுங்கள். ஒவ்வொரு செடிக்கும் முன்னால் பிளேடை மறுபடி நெருப்பில் காட்டவேண்டும். வெட்டுவாயில் கந்தகத் தூள் தடவுங்கள். யாராவது மயில்துத்தம் தெளிக்கச் சொன்னால் கேட்காதீர்கள், குருத்துக் கருகிவிடும். தண்ணீர் காலையில் மட்டும்.

செடிகள் எல்லாம் வடக்கு வராந்தாவில்தானே தொங்குகின்றன?

திரும்பி வருவதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

சாரதாமணி


திருப்பூர்
27-4-1967

அன்பு மருமகளுக்கு,

பிளேடும் கையுமாகத்தான் போனேன். பதினெட்டு வருஷமாகச் செக்கிங் டேபிளில் நிற்கிறவள் நான். பனியனைக் கையில் எடுத்தால் உள்பக்கம் திருப்பிப் பார்க்காமல் கீழே வைக்கமாட்டேன். உன் இலைகளையும் அப்படியே ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டேன். அடிப்பக்கம் சுத்தமாக இருக்கிறது. பொடியும் இல்லை, ஒன்றும் இல்லை.

நீ படித்தவள், துரு என்றால் நோய் என்று எடுத்துக்கொண்டாய். எங்கள் கம்பெனியில் துருக்கறை என்றால் நிறம்தான். ஈரத் துணி துருப்பிடித்த ஆணியில் பட்டால் ஒரு கறை விழுமே, அந்த நிறம். நடுவில் வைக்கோல் மாதிரி வெளுத்துக் காய்ந்திருக்கிறது, சுற்றிலும் பழுப்பு. அமுக்கினால் ஈரம் இல்லை, நாற்றமும் இல்லை. மயிலாள் பார்த்துவிட்டு, “ஏனுங்கக்கா, சூடு பட்டாப்பல இருக்குதுங்களே” என்றாள். பனியன் மடிக்கிறவளுக்கு இதெல்லாம் என்ன தெரியும்!

அறுக்க எனக்கு மனம் வரவில்லை. கறை பட்ட பனியனையே செகண்ட்ஸ் என்று தனியாக எடுத்து வைக்கிறோம், கிழித்தா போடுகிறோம்? நீ வேறு மருந்து இருந்தால் எழுது. திரும்புவதைப் பற்றியும் எழுது.

வள்ளியாத்தாள்


வால்பாறை
6-5-1967

அன்புள்ள அத்தைக்கு,

மயிலாளுக்குத்தான் தெரிந்திருக்கிறது என்று நினைக்கிறேன். ஒன்று செய்யுங்கள். துணியில் குறி போடும் பென்சிலால் நாலைந்து இலைகளில் கறையைச் சுற்றிக் கோடு போடுங்கள். பத்து நாளில் கறை கோட்டைத் தாண்டினால் நோய். தாண்டாவிட்டால் வெயில் சுட்டது.

மேல் இலைக்கு அடியில் மறைந்திருக்கும் இலைகளில் கறை உண்டா? எட்டுச் செடியிலும் ஒரே பக்கமாக விழுந்திருக்கிறதா? வராந்தாவில் ஓடு வேய்ந்திருக்கிறது, அங்கே வெயில் விழ வழியே இல்லை. செடி எங்கே இருக்கிறது என்று போன தடவையே கேட்டேன். நீங்கள் அதற்குப் பதில் எழுதவில்லை. இடம் தெரியாமல் என்னால் வைத்தியம் சொல்லமுடியாது அத்தை.

சாரதாமணி


திருப்பூர்
12-6-1967

அன்பு மருமகளுக்கு,

பெண் குழந்தை, தாயும் சேயும் நலம் என்று தந்தி வந்த அன்றைக்குக் கம்பெனி முழுக்கச் சர்க்கரை கொடுத்தேன். கந்தவேல் வந்து பார்த்துவிட்டுத் திரும்பியதிலிருந்து வாய் மூடவில்லை. உன் மூக்காம், என் நெற்றியாம். பாவம் குழந்தை, நெற்றியும் உன்னுடையதாகவே இருந்திருக்கலாம்.

ஒரு மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கறை கோட்டைத் தாண்டவில்லை. அடி இலைகளில் இல்லை. எட்டிலும் மேற்குப் பக்கம்தான்.

நீ பஸ் ஏறிய அன்றைக்கே எட்டையும் அவிழ்த்துக்கொண்டுபோய், மொட்டை மாடியில் பனியன் காயப்போடும் கம்பியில் மாட்டினேன். பனியன் பண்டில் அடுக்க வராந்தாவில் இடம் வேண்டும் என்று கந்தவேலிடம் சொன்னேன். இடம் வேண்டிய மட்டும் இருந்தது. கோபம், அவ்வளவுதான். வழக்கத்தை மீறிப் போகிறாளே என்ற கோபம்.

நீ ஏன் போனாய் என்றும் எனக்குத் தெரியும். ஐப்பசியில் ஒருநாள் மயிலாளை வைத்துக்கொண்டு, “மூணு வருசமாப் பூக்காத செடிக்கு இந்த ஊட்டுல எதுக்கு எடம்?” என்றேன். நீ அடுப்பங்கரையில் இருந்தாய். கல்யாணமாகி உனக்கும் அப்போது மூன்று வருஷம். பத்து நாள் கழித்து நீ முழுகாமல் இருப்பது தெரிந்தது. எல்லாரிடமும் சந்தோஷமாகச் சொன்னேன். உன்னிடம் மட்டும் அந்தப் பேச்சைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

செடியைத்தான் சொன்னேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். உன் காதில் விழட்டும் என்றுதான் சொன்னேன். அதனால்தான் பேத்தியைப் பார்க்க வரக்கூட எனக்கு முகமில்லை. தப்பு என்னுடையது கண்ணு.

செடிகளை வராந்தாவில் திரும்ப மாட்டிவிட்டேன். இனி என்ன செய்யவேண்டும் என்று எழுது. நீ வருவாயா, மாட்டாயா என்பதையும் எழுது. எதுவானாலும் நேராக எழுது, தாங்கிக்கொள்வேன்.

வள்ளியாத்தாள்


வால்பாறை
24-6-1967

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். முதல் தரம் அழுதேன். இரண்டாம் தரம் படிக்கும்போது சிரிப்பு வந்துவிட்டது. ஆர்க்கிட்டைப் பனியன் கம்பியில் காயப்போட்டவர் உலகத்தில் நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள். அப்பாவிடம் சொன்னேன், அவர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

வெயில் சுட்டதற்கு மருந்து கிடையாது. சுட்ட இடம் மறுபடி பச்சையாகாது. ஆனால் பரவவும் பரவாது. இலையை அறுக்காமல் விட்டீர்களே, அதுதான் சரி. மிச்சமிருக்கும் பச்சையை வைத்துக்கொண்டு அது செடிக்கு வேண்டியதைச் செய்யும். காலையில் தண்ணீர் விட்டால் போதும்.

நானும் ஒரு பொய் சொன்னேன். பிளீச்சிங் நாற்றம் எனக்கு ஒருநாளும் குமட்டவில்லை. அந்தப் பேச்சுத்தான் வலித்தது. அன்றைக்கு எனக்கு நாள் தள்ளியிருந்தது, நிச்சயமாகட்டும் என்று சொல்லாமல் இருந்தேன். இப்போதும் நினைத்தால் கொஞ்சம் வலிக்கிறது. ஆனாலும் நம் வீட்டுக்கு வர ஆசையாகத்தான் இருக்கிறது.

வருகிறேன். ஆனால் கூட்டிப்போக உங்கள் மகனை அனுப்பவேண்டாம். நீங்கள் வந்து என்னைக் கூப்பிடவேண்டும்.

சாரதாமணி


திருப்பூர்
1-7-1967

அன்பு மருமகளுக்கு,

மருமகளைக் கூப்பிட மாமியார் மலையேறுவது எந்த ஊர் வழக்கம் என்று கந்தவேலின் பெரியப்பா கேட்டார். “நான் போய்ட்டு வந்தா வழக்கமாயிருமுங்க” என்றேன்.

புதன்கிழமை காலைப் பஸ்ஸில் புறப்படுகிறேன். நாற்பது கொண்டை ஊசி வளைவாம். எனக்குப் பல்லடம் போனாலே தலை சுற்றும், எலுமிச்சம்பழம் நாலு எடுத்து வைத்திருக்கிறேன். மூன்று மாதம் ஆகாமல் பச்சைக் குழந்தையை இறக்கக் கூடாது என்று உன் அம்மா சொன்னால், அதுவரைக்கும் அங்கேயே இருந்துவிடுகிறேன். செக்கிங்கை மயிலாள் பார்த்துக்கொள்வாள்.

ஒரே ஒரு உதவி செய். வந்து வாசலில் நின்றால் எனக்குப் பேச்சு வராது. நீ முதலில் “வாங்கத்தை” என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு. மீதியை நான் சொல்லிவிடுகிறேன்.

உன் அத்தை,
வள்ளியாத்தாள்