உன் வேனின் பிரேக்குக்குத் தனியாகப் பூசிய வண்ணம்

தோழி,

இன்று காலை பொன்னேரிக்கு முதல் நடை போய்த் திரும்பிய உன் வேன் என் வாசலில் வந்து நின்றதும், முன்சக்கரத்திலிருந்து சுட்ட பெயிண்டின் நெடி எழுந்தது. காலிக் கூடைகளோடு இறங்கிய நண்டுக்காரப் பெண்கள் மூக்கைப் பொத்தினார்கள். ஓட்டிவந்த உன் மகளின் முகம் வெளுத்திருந்தது.

"அத்தே, பிரேக்கு புடிச்சிக்கிச்சா?"

உன் மறைவுக்குப் பின் மழைக்காலம் முழுதும் உப்புக்காற்றில் நின்று துருவேறிய வண்டி அது. அதை ஓட்டியே பிழைப்பதென அவள் தீர்மானித்தபோது, மெக்கானிக் கழற்றித் தந்த, சக்கரத் தட்டைக் கவ்வி நிறுத்தும் பிரேக் கேலிப்பர்களையும் எஞ்சின் மேல்மூடியையும் உப்புத்தாளால் தேய்த்து வண்ணம் பூசியவள் நான். எவரிடமும் பயிலாமல் நானே கற்றது இது என்பதில் எனக்குள்ள பெருமிதத்தை நீ அறிவாய். ஆயினும், கேலிப்பரின் பிஸ்டனைச் சுற்றிய ரப்பரை டேப் ஒட்டி மறைப்பது எப்போதும் உன் பொறுப்பாக இருந்தது. இம்முறை அதையும் நானே செய்தேன். ஒரு துளி உள்ளே கசிந்து உறைந்திருந்தாலும் பிரேக் இறுகிவிடும். உன் மகளின் உயிரோடு விளையாடியவளாவேன்.

நாம் முதன்முதலில் பூசிய கதையை எப்படி மறப்பேன்? படகுக்கு அடித்து மிஞ்சிய பெயிண்ட் நம்மூரில் கதவு, ஜன்னல், தண்ணீர்த் தொட்டி என எதையும் விட்டுவைப்பதில்லை. கேலிப்பருக்கும் உன் அண்ணனின் படகு நீலத்தையே பூசினோம். பழவேற்காட்டுப் பாலத்தைத் தாண்டுமுன் புகை கிளம்பிற்று. பெண்கள் கூடையோடு குதித்தார்கள்.

"இன்னாமே, வண்டிய கொளுத்தி நண்டு சுட்டுத் தரப் போறியா?" என்று ஒருத்தி கத்த, நீ ஸ்டியரிங்கில் தலைவைத்துச் சிரித்தாய்.

"வண்ணத்தின் வெப்பந்தாங்கும் திறனை நாம் கருத்தில் கொள்ளவில்லை" என்றேன்.

"படகு தண்ணில கெடக்குது, அதுக்கு இன்னா சூடு தெரியும்? இத சொல்ல இம்மாம் பெரிய தமிழா?" என்றாய். அதன் பிறகே சூடு தாங்கும் பெயிண்டைத் தேடி வாங்கினோம்.

இன்று சிரிக்க நீ இல்லை. வண்டியை ஜாக்கியில் உயர்த்தி, சக்கரத்தைக் கையால் சுழற்றினேன். தடையின்றிச் சுழன்றது. மறுபக்கமும் அவ்வாறே. கேலிப்பரில் ஒரு கொப்புளமும் இல்லை. புதிய பெயிண்ட் முதல் ஓட்டத்தில் வெந்து இறுகும் நெடி மட்டுமே அது. வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்கினேன்.

"ஒன்னுமில்ல கண்ணு, புதுசு வேவுது" என்றேன்.

"அத்தே, நீயா இப்படி பேசுற?" என்று அவள் வாய்பிளந்தாள்.

அடுத்த நடைக்கு நானும் முன்னிருக்கையில் ஏறினேன். கோட்டைக்குப்பத்தில் பெண்களை ஏற்றிக்கொண்டு திரும்புகையில் ஆடொன்று குறுக்கே பாய்ந்தது. நீ பிரேக் போடும்போதெல்லாம் உன் அருகே வெறும் தரையை அழுத்திய என் வலது கால், இன்றும் தானாக அழுத்திற்று. அந்தப் பழக்கம் என்னோடுதான் இருக்கிறது. வண்டி நேராக, ஒரு பக்கமும் இழுக்காமல் நின்றது.

"ஆத்தாக்காரி மாதிரியே போடறா பாரு! இடுப்பு போச்சுடி!" என்று பின்னாலிருந்து வசவு பொழிந்தது.

அவ்வசவு முழுவதையும் கேட்டு முடித்த பின்பே காலைத் தளர்த்தினேன்.