எங்க வீட்டு ஜாடி

ஜூன் 4
தெருக் கண்காட்சிக்கு டிராயிங் டீச்சர் எழுதி வச்ச போர்டைப் பார்த்தேன். 'உணவை வீணாக்காதீர்.' அஞ்சாங்கிளாஸ் தாண்டாத எனக்கே கொட்டாவி வந்தது. "டீச்சரம்மா, வீட்டுக்கு வீடு தட்டுல மிஞ்சறதைக் கண்ணாடி ஜாடியில அடைச்சு வைங்க. பேர் போடாதீங்க. யார் வீடுன்னு ஜனங்க கண்டுபிடிக்கட்டும். எதை வீணாக்காம இருந்திருக்கலாம்னும் சொல்லட்டும். அடுத்த வீட்டுக் குப்பைன்னா ஓடி வருவாங்க"ன்னேன். சிரிச்சுட்டு ஒத்துக்கிட்டாங்க. தெருவுக்கே இஸ்திரி போடறவன் நான், எனக்குத் தெரியாதா!

ஜூன் 9
ஜாடி கொடுக்க வீடு வீடாப் போனேன். என் வீட்டுக்காரிதான் முரண்டு. "நம்ம வீடு வேண்டாங்க."
ஏன்டீ, மகாராணி மிச்சம் வச்சதை ஊர் பார்த்தா கிரீடம் எறங்கிடுமான்னேன். அடுப்பைப் பார்க்கணும்னு உள்ளே போயிட்டா. இவளாவது என்னைத் திருப்பித் திட்டாம போறதாவது! நானே மூக்கைப் பிடிச்சுக்கிட்டு, முகத்தைத் திருப்பிக்கிட்டு, குப்பைக் கூடையோட ஜாடியில கவுத்து மூடிட்டேன்.

ஜூன் 11
கண்காட்சி. எங்க ஜாடிகிட்டதான் கூட்டம். ஓரம் ஓரமா வெட்டிப் போட்ட ரொட்டி. பாதி கடிச்ச ஆப்பிள். மென்னு துப்பின கறி, காகிதத்துல சுத்தி.
"கைக்குழந்தை வீடு."
"இல்லப்பா, பல்செட்டுக் கிழவர்."
நானும் சேர்ந்துக்கிட்டு, "யாரோ இளவரசி"ன்னேன். ஒரே சிரிப்பு.
ரிட்டயரான நர்ஸம்மா மட்டும் சிரிக்கல. குனிஞ்சு பார்த்துக்கிட்டே இருந்தாங்க. "கெட்டியானது எதுவுமே உள்ளே போகல. இந்த வீட்ல யாருக்கோ தொண்டையில எறங்கல. யாருன்னு விசாரிச்சுச் சொல்லுப்பா."
சரின்னேன். விசாரிக்க என்ன இருக்கு? வீட்ல நாங்க ரெண்டே பேர். நான் இரும்பைக் கொடுத்தாலும் மெல்லுவேன்.

அதே நாள், திரும்பவும்
அவகிட்ட கேக்கல. வாய் வரல. அவ சாப்பிட்டு நான் எப்பப் பார்த்தேன்? எனக்குப் போட்டுட்டு "அப்புறமா சாப்பிடறேன்"பா. நான் கடைக்கு எறங்கிடுவேன். ஜாக்கெட் தொளதொளன்னு ஆனப்பகூட, டெய்லருக்குக் கண்ணு தெரியலன்னு கிண்டல் பண்ணேனே — ஐயோ.

ஜூன் 12
ஒரு வெள்ளைச் சட்டையைத் தீய்ச்சுட்டேன்.

ஜூன் 13
தட்டுல ஒரு கறித்துண்டு வச்சு, "என் எதிர்ல சாப்பிடு"ன்னேன். விளையாட்டுன்னு நெனச்சா. என் மூஞ்சியைப் பார்த்ததும் அழுதுட்டா.
"அக்காவுக்கும் இப்படித்தாங்க ஆரம்பிச்சுது."
சுவத்துல போட்டோவா இருக்கற அக்கா.
"எங்கிட்ட ஏன் சொல்லல?"
"சொன்னா நீங்க கிண்டல் பண்றதை நிறுத்திடுவீங்க. வீடு ஓஞ்சு போயிடும். அதை என்னால தாங்க முடியாது."

ஜூன் 15
ஆஸ்பத்திரிக்கு நர்ஸம்மா கூட வந்தாங்க. டாக்டர் அவ வாய் வழியா குழாய் விட்டுப் பார்த்து, புத்துக் கட்டியான்னு தெரிய உள்ளேருந்து துணுக்கு எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருக்கார். முடிவு வந்தா போன் பண்ணுவாங்களாம்.

ஜூன் 17
டாக்டர் வழுக்கையைப் பத்தி ஒண்ணு ஆரம்பிச்சேன். அவ ஆசையாத் திரும்பினா. பாதியில தொண்டை அடைச்சுக்கிச்சு. எனக்கு.

ஜூன் 18
போன் அடிச்சதும் இஸ்திரிப் பெட்டியை அப்படியே வச்சுட்டு ஓடினேன். டீச்சர்தான். நம்ம தெருக் குப்பைத்தொட்டி பாதிதான் நெறையுதாம், பக்கத்துத் தெருவும் ஜாடி கேக்குதாம். நல்ல சேதி. என் காதுல ஏறல. கடவுளே, அவ இல்லாம நான் யாரைக் கிண்டல் பண்ணுவேன்?

ஜூன் 22
கட்டி இல்ல.
திரும்ப எழுதிக்கறேன். கட்டி இல்ல. புளிச்ச ஏப்பம் வந்து வந்து, புண்ணாகி, உணவுக்குழாய் சுருங்கிப் போச்சாம். விரிச்சு விடுவாங்களாம். மறுபடி சுருங்கவும் செய்யலாம்கறார் டாக்டர்.  எழுத்தே கோணல்மாணல்.

ஜூலை 1
விரிச்சு விட்டாச்சு. இப்ப எதிரெதிரா உக்காந்துதான் சாப்பிடறோம். இன்னிக்கு ஒவ்வொரு வாய்க்கும் நான் அவ தொண்டையையே பார்த்துக்கிட்டிருந்தேன்.
"என்ன முழி இது, திருடனைப் பிடிக்க வந்த போலீஸ்காரன் மாதிரி? உங்க தட்டைப் பாருங்க!"ன்னு திட்டினா.
வாய் நெறைய சோத்தோட.