ஸ்க்ரூ பிடிக்கும் வரை

என் தங்கமே சிட்டு,

நீ சுகம்தானே? தண்ணீர் நிறையக் குடிக்கிறாயா? நான் நன்றாக இருக்கிறேன். உன் அப்பாவைப் பற்றி அப்படி எழுதக் கை வரவில்லை. போனில் பேசினால் பக்கத்திலேயே நிற்கிறான். மருந்துக்கடைத் தம்பி இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்பிவிடும்.

முன்பல் இரண்டும் விழுந்ததிலிருந்து ரயில் நிலையத்தில் மைக் முன்னால் உட்காரவே அவனுக்குக் கூச்சம். ஊர்ப் பெயர் சொன்னால் விசில் வருகிறதாம். ரயிலுக்கு முன்னாடி நீயே ஊதிடுறியேப்பா என்று கூட வேலை செய்பவர்கள் கேலி செய்தார்களாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அன்றைக்குச் சாப்பிடவில்லை.

தாடை எலும்பில் ஸ்க்ரூ இறக்கிப் பல் கட்டலாமா என்று சிறுநீரக டாக்டரைக் கேட்டான். கட்டலாம், பல் டாக்டரோடு நான் பேசிய பிறகுதான், பொறு என்றார். இவனா பொறுப்பவன்? தானாகவே ஒரு பல் டாக்டரம்மாவிடம் போனான். எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிற மாத்திரை ஏதாவது உண்டா, இருந்தால் புண் ஆறாது, ஸ்க்ரூவும் பிடிக்காமல் போகலாம் என்று அந்த அம்மா கேட்டிருக்கிறார். இல்லை என்றிருக்கிறான். சொன்ன பொய்யை மெய்யாக்க, வீட்டுக்கு வந்து மாத்திரையை நிறுத்திவிட்டான். நீ கொடுத்த சிறுநீரகத்தை அவன் உடம்பு துரத்தாமல் காக்கிற மாத்திரையை!

அண்ணன் மாத்திரை வாங்க வரலையேம்மா என்று கடைத்தம்பி கேட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது. ஸ்க்ரூ பிடிக்கட்டும், அப்புறம் போட்டுக்கறேன், தொணதொணக்காதே என்கிறான்.

ஸ்க்ரூ இறக்கிய ஈறு அழகாக ஆறுகிறது. கண்ணாடி பார்த்துச் சிரிக்கிறான். ஆனால் அவன் காலை விரலால் அழுத்தினேன், குழி அப்படியே நின்றது. கழிவறைக்குப் போவதும் குறைந்துவிட்டது. செருப்பு சின்னதாகிவிட்டது என்று புதுசு வாங்கி வந்திருக்கிறான்.

டாக்டரிடம் போகலாம் என்றால், தையல் பிரிக்கட்டும் என்கிறான். என் பேச்சு எடுபடவில்லை.

என் பேத்தி கொடுத்தாள் என்று இந்தத் தெருவில் நான் சொல்லாத ஆள் இல்லை. நீ மட்டும் ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை. இப்போது ஒரே ஒரு தடவை சொல்லிக்காட்டு, கண்ணு. அது உன்னுது இல்லப்பா, என்னுது என்று சொல்லு. அழாமல் சொல்லு.

வாடகை வண்டியை வாசலில் நிறுத்திவிட்டேன். உன் போனுக்காகத்தான் காத்திருக்கிறேன்.

உன்னிடம் மிச்சமிருக்கிற ஒன்று, நீ பேரன் பேத்தி எடுக்கிற வரைக்கும் நோகாமல் இருக்கட்டும்.

உன்னையே நினைத்திருக்கும்
பாட்டி